முதல் ஊசிக்கு முன் ரத்தம் எடுங்கள்

தமிழ்நாட்டின் மாவட்ட, தாலுகா ஊர்களில் நர்சிங் ஹோமும் சிறு மருத்துவமனையும் நடத்தும் டாக்டர்களுக்கு,

வணக்கம்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன். ரத்தத்தில் கிருமி பரவியிருக்குமோ என்று நீங்கள் சந்தேகப்படும் எந்த நோயாளிக்கும், முதல் ஆன்டிபயாட்டிக் ஊசி போடுவதற்கு முன்னால் பிளட் கல்ச்சருக்கு (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்கு) ரத்தம் எடுத்துவிடுங்கள். எப்படியும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்போகிறோம், அங்கே எடுத்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட வேண்டாம். அனுப்பும் முன் ஒரு டோஸ் போட்டுத்தானே அனுப்புகிறீர்கள்? அந்த டோஸுக்கு முன்னால் எடுக்கவேண்டிய ரத்தம் உங்கள் கட்டிலில் மட்டும்தான் கிடைக்கும்.

நான் ஒரு மாவட்டத் தலைநகரில், தனியார் பரிசோதனைக்கூடம் ஒன்றில் நுண்ணுயிரியல் மருத்துவராக வேலை பார்க்கிறேன். சுற்றியுள்ள ஊர்களின் கல்ச்சர் பாட்டில்கள் சாயங்கால பஸ்ஸிலும் கலெக்‌ஷன் பையனின் பைக்கிலும் எங்களிடம் வந்து சேரும். நோயாளியை நான் பார்ப்பதே இல்லை. பாட்டிலும் அதோடு வரும் சீட்டும்தான் எனக்குத் தெரியும். ஆனால் அந்த இரண்டையும் பார்த்தாலே அங்கே என்ன நடந்திருக்கும் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

போன கோடையில் வந்த ஒரு பாட்டிலைப் பற்றிச் சொல்கிறேன். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, சர்க்கரை நோய், சிறுநீரகத் தொற்று என்று சீட்டில் இருந்தது. ரத்தம் எடுத்த நேரம் எழுதவேண்டிய கட்டம் காலி. என்ன மருந்து கொடுக்கப்படுகிறது என்ற கட்டத்தில் ‘ஐ.வி. ஆன்டிபயாட்டிக்’ என்று மட்டும் இருந்தது. பாட்டிலின் பக்கத்தில் போட்டிருக்கும் அளவுக்கோட்டை வைத்துப் பார்த்தால் ரத்தம் இரண்டு மில்லிகூடத் தேறாது. கையில் எடுத்தால் ஜில்லென்று இருந்தது. ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் இருந்திருக்கிறது. போன் போட்டுக் கேட்டதில், மெரோபெனம் என்ற ஆன்டிபயாட்டிக் ஆரம்பித்து மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாததால் எடுத்த ரத்தம் என்று டியூட்டி சிஸ்டர் சொன்னார். ஐந்து நாள் கிருமி வளர்க்கும் மெஷினில் வைத்திருந்தும் ஒன்றும் வளரவில்லை. அதற்குள் அந்த அம்மாவை மேல்சிகிச்சைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே எடுத்த ரத்தத்தில் மெரோபெனமுக்குக் கட்டுப்படாத க்ளெப்சியெல்லா என்ற கிருமி வளர்ந்தது. அந்தக் கிருமி முதல் நாளிலிருந்தே அவர் உடம்பில் இருந்திருக்கலாம். இடையில் வென்ஃப்ளான் (நரம்பில் போடும் ஊசிக்குழாய்) வழியாகவோ யூரின் ட்யூப் வழியாகவோ வந்து சேர்ந்ததாகவும் இருக்கலாம். முதல் நாள் பாட்டில் இல்லாததால் எது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அந்த நர்சிங் ஹோமைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அங்கே நடந்ததுதான் பல இடங்களிலும் நடக்கிறது. கல்ச்சர் என்பது மருந்து கேட்காதபோது கடைசியாகச் செய்து பார்க்கும் பரிசோதனை என்ற பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. இந்த வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

ஏன் அளவைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன் என்றால், பெரியவர்களின் ரத்தத்தொற்றில் கிருமிகள் மிகக் குறைவாகவே மிதக்கும். ஒரு மில்லி ரத்தத்தில் ஒரேயொரு கிருமிகூட இல்லாமல் போவது சகஜம். இரண்டு மில்லி அனுப்பினால் கிருமியே இல்லாத இரண்டு மில்லியை நீங்கள் அனுப்பியிருக்க வாய்ப்பு அதிகம். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. வேண்டும். இரண்டு கைகளிலிருந்தும் தனித்தனியாகக் குத்தி இரண்டு செட் (ஒரு முறை குத்தி எடுப்பது ஒரு செட்) எடுத்தால்தான் முழுப் பலன். குழந்தைகளுக்கு எடையைப் பொறுத்து அளவு மாறும். பச்சிளங்குழந்தை என்றால் குழந்தைகளுக்கான பாட்டிலில் குறைந்தது 1 மி.லி.யாவது இருக்கவேண்டும். எடுத்த பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. லேபுக்கு வந்து சேரும்வரை அறை வெப்பத்தில் இருந்தால் போதும்.

ஒரு டோஸ் உள்ளே போனால் என்ன ஆகிவிடும் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வட அமெரிக்க மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இதை நேரடியாகவே சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள். கடுமையான செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) நோயாளிகளிடம் மருந்துக்கு முன் ஒரு முறையும், மருந்து போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் இன்னொரு முறையும் ரத்தம் எடுத்தார்கள். முன்னால் எடுத்ததில் 31 சதவீதம் பேருக்குக் கிருமி வளர்ந்தது. பின்னால் எடுத்ததில் 19 சதவீதம்தான். இத்தனைக்கும் வளர்க்கும் திரவம் தரமானது, அளவும் சரியானது, மெஷினும் பக்கத்திலேயே இருந்தது. நம் ஊரில் மருந்து போட்டு மூன்று நாள் கழித்து எடுத்து, பஸ்ஸில் ஏற்றி அனுப்பும் பாட்டிலின் கதியைச் சொல்லவேண்டியதில்லை.

முன்பெல்லாம் இது இவ்வளவு பெரிய விஷயமாக இருக்கவில்லை. செஃப்ட்ரையாக்ஸோன் ஊசி போட்டால் ஈ. கோலைக் கிருமியோ க்ளெப்சியெல்லாவோ அடங்கிவிடும், கல்ச்சர் வந்தாலும் வராவிட்டாலும் நோயாளி எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார். இன்றைக்கு அனுபவத்தை மட்டும் நம்பி மருந்தைத் தேர்ந்தெடுப்பது ஆபத்து. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளைக் கண்காணிக்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2013-இல் தொடங்கிய வலையமைப்பின் அறிக்கைகள் அதைத் தெளிவாகக் காட்டுகின்றன. மெரோபெனம் போலவே கார்பபெனம் வகையைச் சேர்ந்த இமிபெனம் 2016-இல் 65 சதவீத க்ளெப்சியெல்லா கிருமிகளிடம் வேலை செய்தது. 2021-இல் அது 43 சதவீதமாகிவிட்டது. இந்த விவரம் பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளிலிருந்து திரட்டியது, எனவே உங்கள் நோயாளிகளிடம் நிலைமை இதைவிட நன்றாக இருக்கலாம். எவ்வளவு நன்றாக என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள இருக்கும் ஒரே வழி அந்தப் பாட்டில்தான்.

இந்தப் பிரச்சினைக்கும் நம் ஊருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. என்.டி.எம்.-1 (நியூ டெல்லி மெட்டல்லோ-பீட்டா-லாக்டமேஸ்-1) என்ற நொதி இருந்தால் கிருமி கார்பபெனங்களைச் சிதைத்துவிடும். 2010-இல் லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ் இதழில் அதன் பரவலைப் பற்றி வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் ஆய்வு செய்த குமாரசாமி கார்த்திகேயன். சென்னையில் எடுத்த மாதிரிகளிலேயே 44 கிருமிகளில் அந்த மரபணு இருந்தது. அன்றைக்கு நாடே அந்த நொதிக்கு டெல்லியின் பெயரை வைத்ததைப் பற்றிச் சண்டை போட்டது. கட்டுரை சொன்ன செய்தியின் மேல் அந்த அளவுக்குக் கவனம் விழவில்லை. 2012 ஆகஸ்டில் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, தொற்றுநோய் நிபுணர் டாக்டர் அப்துல் கஃபூரின் முன்முயற்சியில் சென்னைப் பிரகடனத்தை வகுத்தன. எதிர்ப்புத் திறன் பெற்ற கிருமிகளை இந்தியா எப்படிச் சமாளிப்பது என்று நடைமுறைக்கு ஒத்துவரும் வழிகளைச் சொன்ன ஆவணம் அது. 2014 மார்ச்சில் ஹெச்1 அட்டவணை அமலுக்கு வந்தது. முக்கியமான ஆன்டிபயாட்டிக்குகளை விற்கும்போது எழுதிக்கொடுத்த டாக்டர், நோயாளி, மருந்து, அளவு எல்லாவற்றையும் மெடிக்கல் ஷாப்பில் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அப்படிச் சட்டம் இருந்தும், கடையில் சீட்டில்லாமல் வாங்கிய செஃபிக்ஸைம் இரண்டு நாள் விழுங்கிவிட்டுத்தான் உங்கள் காஷுவாலிட்டிக்கு நோயாளி வருகிறார். அதை நான் அறிவேன். அந்தத் தவறுக்கு உங்களைப் பொறுப்பாக்கவும் மாட்டேன். மாத்திரை சாப்பிட்டிருந்தால்கூட, உங்கள் ஊசிக்கு முன் எடுக்கும் ரத்தம் பின்னால் எடுப்பதைவிட மேல்.

நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகள் எனக்குப் பழக்கமானவை. முதலாவது தாமதம். செப்சிஸ் ஷாக்கில் இருக்கும் நோயாளிக்கு ஒரு மணி நேரத்துக்குள் மருந்து போயாகவேண்டும், அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வென்ஃப்ளான் போடும் அதே கையோடு இரண்டு பாட்டில் நிரப்ப ஐந்து நிமிடம் போதும், பாட்டில் அறையிலேயே இருந்தால். தாமதம் வருவது ரத்தம் எடுப்பதால் இல்லை. பாட்டில் இல்லாமல், அட்டெண்டரை லேபுக்கு ஓடவிட்டு, பணம் கட்டச் சொந்தக்காரரைத் தேடுவதால்தான் வருகிறது. எமர்ஜென்சி ட்ரேயில் அட்ரினலின் எப்போதும் இருக்கிறதல்லவா, அங்கே இரண்டு செட் பாட்டிலும் எப்போதும் இருக்கட்டும். நரம்பு கிடைக்காமல் பத்து நிமிடம் போராடும் நிலை வந்தால் மருந்தைப் போடுங்கள், உயிர்தான் முக்கியம். அப்படி நடப்பது எப்போதாவதுதான்.

அடுத்தது செலவு. கூலி வேலை பார்க்கும் குடும்பத்திடம் இன்னொரு பில்லை நீட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று நீங்கள்தான் அன்றாடம் பார்க்கிறீர்கள். ஆனால் கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். எங்கள் பக்கம் ஒரு செட் கல்ச்சருக்கு ஆகும் தொகை, நாளைக்கு மூன்று வேளை மெரோபெனம் போடும் இரண்டு மூன்று நாள் செலவுக்குள் அடங்கிவிடுகிறது. ரிப்போர்ட் வந்து சாதாரண மருந்துக்கு மாற்ற முடிந்தால் அந்தக் குடும்பத்துக்கு மிச்சம்தான். அட்மிஷன் பேக்கேஜிலேயே கல்ச்சரைச் சேர்த்துவிடுங்கள் என்று மருத்துவமனை நிர்வாகிகளையும் கேட்டுக்கொள்கிறேன். பில்லில் தனி வரியாக இருக்கும்வரை, முதலில் வெட்டப்படுவது அதுதான்.

மூன்றாவதாக, ரிப்போர்ட் மூன்று நாள் கழித்து வந்து என்ன பயன் என்பார்கள். முழு சென்சிட்டிவிட்டி (கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்ற விவரம்) வர அவ்வளவு நேரம் ஆவது உண்மை. ஆனால் பெரும்பாலான கிருமிகள் 24 மணி நேரத்துக்கு முன்னும் பின்னுமாகவே மெஷினில் மணி அடித்துவிடும். உடனே கிராம் ஸ்டெயின் (கிருமிக்குச் சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) பார்த்து, நெகட்டிவ் குச்சியா பாசிட்டிவ் கொத்தா என்று சொல்லிவிடலாம். அந்த ஒரு தகவலே பாதி மருந்துகளை ஒதுக்க உதவும். பிறகு வரும் சென்சிட்டிவிட்டி எந்த அளவுக்கு உயிரைத் தீர்மானிக்கும் என்பதற்கு 2018-இல் வந்த மெரினோ ஆய்வு ஒன்று போதும். செஃப்ட்ரையாக்ஸோனுக்குக் கட்டுப்படாத ஈ. கோலை, க்ளெப்சியெல்லா ரத்தத்தில் வளர்ந்த நோயாளிகளில் பாதிப் பேருக்கு மெரோபெனமும் மீதிப் பேருக்கு பிப்பராசிலின்-டாசோபாக்டமும் கொடுத்தார்கள். 30 நாளில் இறந்தவர்கள் முதல் பிரிவில் 3.7 சதவீதம், இரண்டாவதில் 12.3 சதவீதம். கிருமி என்ன வகை என்று தெரியாமல், எல்லாருக்கும் போடும் பிப்-டாஸைத் தொடரும்போது இந்த வித்தியாசம் நம் கண்ணில் படாது. வயசானவர், சர்க்கரை, முடியவில்லை என்று டெத் சர்டிஃபிகேட்டில் முடிந்துவிடும்.

புதிய மருந்துகள் வருகின்றனவே என்று சொல்வோரும் உண்டு. சென்னையின் ஆர்க்கிட் நிறுவனம் கண்டுபிடித்த என்மெடாசோபாக்டம், செஃபிபைம் என்ற ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்து 2024 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி பெற்றது. இந்தியாவில் பிறந்த ஒரு மருந்து அந்த இடத்துக்குப் போனதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அது, செஃப்ட்ரையாக்ஸோன் போன்ற மருந்துகளைச் சிதைக்கும் ஈ.எஸ்.பி.எல். நொதியைச் சுரக்கும் கிருமிகளை அடக்க வந்தது. என்.டி.எம். இருக்கும் கிருமியிடம் அது பலிக்காது. அங்கே வேறு கூட்டு மருந்து வேண்டும், அல்லது சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும் கொலிஸ்டினுக்குப் போகவேண்டும். கொலிஸ்டின் வேலை செய்யுமா என்பதைத் மருந்து தோய்ந்த வில்லையை வைத்துப் பார்க்கும் சாதாரண முறையில் நம்ப முடியாது, நீர்த்த திரவ முறையில்தான் பார்க்கவேண்டும். உங்களுக்கு வரும் ரிப்போர்ட்டில் அது எப்படிச் செய்யப்பட்டது என்று லேபைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கல்ச்சரின் இன்னொரு பலனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மருந்தை நிறுத்தும் தைரியத்தை அது கொடுக்கும். 2024 நவம்பரில் வெளியான பேலன்ஸ் ஆய்வில் ரத்தத்தொற்று உள்ள 3,608 பேர் இருந்தார்கள். ஏழு நாள் மருந்து எடுத்தவர்களில் 90 நாளுக்குள் இறந்தவர்கள் 14.5 சதவீதம், பதினான்கு நாள் எடுத்தவர்களில் 16.1 சதவீதம். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற சில கிருமிகளையும், இதய வால்வு தொற்று போன்ற நிலைகளையும் சேர்க்காத ஆய்வு அது. ஆக, கிருமி இன்னதென்று தெரிந்தால்தான் ஏழு நாளில் நிறுத்த முடியும். தெரியாதபோது பயத்தில் பதினான்கு நாள் போகிறது, அதன்பின் வீட்டுக்கு அனுப்பும்போது ஃபாரோபெனம் மாத்திரை வேறு. ஃபாரோபெனமும் மெரோபெனமும் நெருங்கிய சொந்தம் என்பதை அதை எழுதும் பலர் யோசிப்பதில்லை என்பது என் வருத்தம்.

காய்ச்சல் என்றதும் விடால் (டைஃபாய்டுக்கான ரத்தப் பரிசோதனை) பார்ப்பதைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். டைஃபாய்டு நம்மிடையே நெடுங்காலமாக இருப்பதால் ஒரே ஒரு விடால் பாசிட்டிவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. டைஃபாய்டும் ரத்தத்தில் பரவும் தொற்றுதான். முதல் வாரத்தில் எடுத்த பிளட் கல்ச்சர்தான் அதைக் காட்டும், அதுவும் எல்லாருக்கும் காட்டாது. விடாலுக்காக டியூபில் எடுக்கும் அதே ஊசியில் கல்ச்சர் பாட்டிலையும் நிரப்பினால் என்ன?

எடுக்கும் முறையில் ஒரே ஒரு விஷயத்தை சிஸ்டர்களிடம் அழுத்திச் சொல்லுங்கள். குளோர்ஹெக்சிடின் கலந்த ஸ்பிரிட்டால் நன்றாகத் தேய்த்து, அது தானாகக் காயும்வரை பொறுக்கவேண்டும். காய்ந்தபின் நரம்பை மறுபடி விரலால் தொட்டுப் பார்க்கக்கூடாது. பாட்டிலின் ரப்பர் மூடியையும் ஸ்பிரிட்டால் துடைக்கவேண்டும். ஏற்கெனவே போட்டிருக்கும் வென்ஃப்ளானிலிருந்து எடுக்கவேண்டாம். தோலில் இருக்கும் கிருமி பாட்டிலுக்குள் போய்விட்டால், இல்லாத தொற்றுக்கு வான்கோமைசின் போடும் நிலை வரும். இரண்டு செட் எடுத்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும், ஒன்றில் மட்டும் வளர்ந்தால் சந்தேகப்படலாம்.

பிரசவம் பார்க்கும் மருத்துவமனைகளுக்கு இது இன்னும் அவசரம். டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை ஓர் ஆய்வு நடந்தது, அந்தக் காலத்தில் அங்கே 88,636 குழந்தைகள் உயிருடன் பிறந்தன. செப்சிஸ் வந்த பச்சிளங்குழந்தைகளின் ரத்தத்தில் அதிகம் வளர்ந்தது அசினெட்டோபாக்டர் என்ற கிருமி. அதில் 82 சதவீதம் பல மருந்துகளுக்கு ஒருசேரக் கட்டுப்படாதது. மூன்றில் இரண்டு பங்கு தொற்று பிறந்து 72 மணி நேரத்துக்குள்ளேயே தெரிந்தது. ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் ஆரம்பித்துவிட்டு மறுநாள் என்.ஐ.சி.யு. (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு) உள்ள ஊருக்கு அனுப்பும் குழந்தைக்கு, அனுப்பும் முன் அந்த ஒரு மில்லியை எடுத்து அனுப்புவது பெரிய உதவி.

அனுப்பும் சீட்டைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். என்ன மருந்து, என்ன அளவு, முதல் டோஸ் எந்தத் தேதி எத்தனை மணிக்கு, கல்ச்சர் எந்த லேபுக்குப் போயிருக்கிறது, அதன் எண் என்ன என்று நான்கு வரி எழுதுங்கள். அந்தக் கல்ச்சர் பாசிட்டிவ் ஆகும்போது நோயாளி இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பார். எண் இருந்தால் அங்கிருக்கும் டாக்டர் எங்களைக் கூப்பிடுவார், இல்லாவிட்டால் எங்கள் ரிப்போர்ட் உங்கள் ஆபீஸ் மேஜையில் கிடக்கும்.

எங்கள் தரப்பு லேபுகளுக்கும் கடமை உண்டு. பாட்டில் பாசிட்டிவ் ஆனால் பிரிண்ட் எடுத்து அனுப்பும்வரை காத்திருக்காமல் உடனே டாக்டருக்குப் போன் செய்யவேண்டும். ஞாயிற்றுக்கிழமை மெஷினில் மணி அடித்த பாட்டில் திங்கட்கிழமைவரை கிடக்கக்கூடாது. ஒரு மருந்தின் எதிரே ‘ஆர்’ (ரெசிஸ்டன்ட், கட்டுப்படாது) என்று மட்டும் அச்சடித்து அனுப்பாமல், எதை ஆரம்பிக்கலாம் என்று பேசவும் நாங்கள் தயாராக இருக்கவேண்டும்.

கடைசியாக ஒரு யோசனை. ஒரு கிருமியின் ஆன்டிபயாகிராம் (எந்த மருந்து எத்தனை சதவீதம் கேட்கிறது என்ற பட்டியல்) நம்பும்படி இருக்க, குறைந்தது 30 நோயாளிகளிடமிருந்தாவது அது வளர்ந்திருக்கவேண்டும். தனித்தனி நர்சிங் ஹோமாக எடுத்தால் ஒரு வருடத்தில் அந்த எண்ணிக்கை வராது. ஊரில் உள்ள எல்லா மருத்துவமனைகளும் லேபுகளும் நோயாளிகளின் பெயரை நீக்கிவிட்டு ரத்தக் கல்ச்சர் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்தால் வந்துவிடும். கேரளம் 2018-இலேயே மாநில அளவில் செயல்திட்டம் வகுத்து, பின்னர் மாநிலத்துக்கான ஆன்டிபயாகிராமையும் வெளியிட்டது. நாம் மாநிலத்துக்காகக் காத்திருக்கவேண்டியதில்லை. இந்திய மருத்துவச் சங்கத்தின் ஒவ்வொரு கிளையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாதாந்திரக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். அந்த ஊரில் ரத்தத்தில் வளரும் ஈ. கோலைக்கு அமிக்காசின் இன்னும் கேட்கிறதா, செஃப்ட்ரையாக்ஸோன் எத்தனை பேருக்குக் கேட்கிறது என்று ஒரே பக்கத்தில் தெரியும். அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து ஒவ்வொரு காஷுவாலிட்டியிலும் ஒட்டலாம்.

எங்கள் லேபில் இருக்கும் விவரத்தைத் தொகுத்துத் தரும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கிளையின் செயலாளர் தேதி சொன்னால், காஷுவாலிட்டி சிஸ்டர்களுக்குப் பாட்டில் நிரப்பும் முறையையும் அதே நாளில் வந்து செய்து காட்டுகிறேன். அதுவரை ட்ரேயில் இரண்டு செட் பாட்டில் வாங்கி வையுங்கள். காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

அன்புடன்,
மாவட்டப் பரிசோதனைக்கூடம் ஒன்றின் நுண்ணுயிரியல் மருத்துவர்